பணிநீக்கமும் நியாயமும்

ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கும் ஆணை பெரும்பாலும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகிறது. அதன் விளைவோ ஒரு குடும்பத்தின் உணவையும் கல்வியையும் பாதிக்கிறது. மறுபுறம், திருட்டையும் தொடர்ந்த கடமை தவறுதலையும் கண்டிக்க இயலாத நிர்வாகம் உற்பத்தியைப் பெருக்க முடியாது. ஆகவே, இந்தியச் சட்டம் பணிநீக்கத்தைத் தடை செய்யவில்லை. அது நடைபெறும் முறையையே நெறிப்படுத்துகிறது.

இரு வகை நீக்கம்

உபரியான தொழிலாளரை விடுவிக்கும் ஆட்குறைப்பில் தொழிலாளியின் குற்றம் எதுவும் இல்லை. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தரப்படவேண்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகும். பொதுவாக, கடைசியில் சேர்ந்தவரே முதலில் விடுவிக்கப்படவேண்டும். 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இவ்விதிகள், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன.

ஒழுங்கீனத்திற்காக நீக்குவது வேறு வகை. இங்குக் குற்றம் முதலில் மெய்ப்பிக்கப்படவேண்டும்.

விசாரணை

முறையான விசாரணைக்குரிய ஐந்து தேவைகளை உச்ச நீதிமன்றம் 1963 இல் சுர் எனாமல் நிறுவன வழக்கில் வகுத்தது. குற்றச்சாட்டு தெளிவாகத் தெரிவிக்கப்படவேண்டும். சாட்சிகள் சாதாரணமாகத் தொழிலாளியின் முன்னிலையில் விசாரிக்கப்படவேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவும், தம் தரப்புச் சான்றுகளை முன்வைக்கவும் அவருக்கு வாய்ப்பு வேண்டும். விசாரணை அதிகாரி தம் முடிவைக் காரணங்களுடன் பதிவு செய்யவேண்டும்.

இவற்றைத் தவிர்க்கக் குறுக்குவழி உண்டா? எட்டு நாள்களுக்கு மேல் அனுமதியின்றி வராதவர் தாமாகவே வேலையை இழப்பார் என்ற நிலையாணையைக் காட்டி, ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் ஒரு தொழிலாளியின் பெயரை நீக்கியது. தம்மை வாயிலிலேயே தடுத்துவிட்டதாக அவர் கூறினார். அவருடைய விளக்கத்தைக் கேளாமல் நீக்கியது இயற்கை நீதிக்கு மாறானது என்று 1993 இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாதி நிலுவை ஊதியத்துடன் அவரை மீண்டும் பணியில் அமர்த்த ஆணையிட்டது.

விசாரணைக் காலத்தில் தற்காலிகமாக விலக்கி வைக்கப்பட்டவருக்கு முதல் 90 நாள்களுக்கு 50 சதவீத ஊதியமும், அவர் காரணமின்றித் தாமதம் நீடித்தால் அதன்பின் 75 சதவீதமும் பிழைப்பூதியமாக வழங்கப்படவேண்டும். பட்டினியோடு எவரும் தம் தரப்பை எடுத்துரைக்க இயலாது என்பதே இதன் அடிப்படை.

தண்டனையின் அளவு

குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலே பணிநீக்கம் நியாயமாகிவிடாது. 1971 வரை, தண்டனையின் கடுமையில் தீர்ப்பாயம் தலையிடுவதற்கு மிகக் குறைந்த இடமே இருந்தது. அவ்வாண்டு சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவு, தண்டனையைக் குறைக்கவும், தொழிலாளியை மீண்டும் பணியில் அமர்த்தவும் அதற்கு அதிகாரம் அளித்தது. புதிய சட்டத் தொகுப்பும் இந்த அதிகாரத்தைக் காத்துள்ளது. நெடுங்காலம் குறையின்றிப் பணியாற்றியவர் ஒருமுறை செய்த சிறு பிழையும், திட்டமிட்ட மோசடியும் ஒரே தண்டனைக்கு உரியவையல்ல.

முறையான விசாரணை காலத்தை வீணாக்குகிறது என எண்ணும் நிர்வாகங்கள் உண்டு. ஆனால், அவசரத்தில் பிறந்த ஆணை பல ஆண்டுகள் கழித்து ரத்தாகும்போது, செய்யாத வேலைக்கும் ஊதியம் தர நேரிடுகிறது. தொழிலாளியும் அவ்வாண்டுகளை வறுமையில் கழிக்கிறார். கையெழுத்திடும் முன் அதிகாரி, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா, அவர் தரப்புக் கேட்கப்பட்டதா, தண்டனை குற்றத்துக்கு ஏற்றதா என்ற மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொண்டால், இருதரப்பின் இழப்பையும் பெருமளவு தவிர்க்கலாம்.