பண்டிகைக் காலத்தில் பெருகும் தீ அபாயம்: கார்டன் ரீச் தையல் பட்டறைகளுக்குத் தேவை முன்கணக்கு

புது தில்லி: கொல்கத்தாவின் தென்மேற்கு எல்லையில், ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது கார்டன் ரீச். கப்பல் கட்டும் தளத்தாலும், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகத்தாலும் நாடறிந்த இப் பகுதிக்கு இன்னொரு முகமும் உண்டு. இங்குள்ள மேட்டியாபுருஸ் சந்துகளில் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரங்களின் ஓசை கேட்கிறது.

அரசை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856-ல் கொல்கத்தாவுக்கு வந்தார். 1887-ல் மறையும் வரை அவர் வாழ்ந்தது மேட்டியாபுருஸில்தான். அவரது பரிவாரத்துடன் வந்த தையற்கலைஞர்களின் வழியில் வளர்ந்தது இத் தொழில் என்பர். இன்று "ஓஸ்தாகர்' எனப்படும் பட்டறை உரிமையாளர்கள் துணி வாங்கி, வெட்டி, தைத்து, வாரச் சந்தைகளில் விற்கின்றனர். லட்சக்கணக்கானோரின் பிழைப்பு இத் தொழிலைச் சார்ந்துள்ளது.

அந்தப் பிழைப்புக்கு நெருப்பு ஓயாத அச்சுறுத்தல். துணி, நூல், பஞ்சுத் தூசு, அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் உறை என எளிதில் பற்றும் பொருள்களுக்கு நடுவேதான் சூடான இஸ்திரிப் பெட்டிகளும் இருக்கின்றன. பல பட்டறைகளில் கீழே கிடங்கு, மேலே வேலையிடம், அதற்கும் மேலே குடியிருப்பு.

உச்சத்தில் வியாபாரம், உச்சத்தில் ஆபத்து: ரமலான், துர்கா பூஜை ஆகியவற்றுக்கு முந்தைய வாரங்களில்தான் இங்கு வியாபாரம் உச்சத்தில் இருக்கும். ஆபத்தும் அப்போதுதான் உச்சத்தை எட்டுகிறது. சரக்கு அறைக்குள் அடங்காமல் மாடிப்படிக்கு வருகிறது. கூடுதல் இயந்திரங்கள் பழைய மின்கம்பிகளிலேயே இணைக்கப்படுகின்றன. வேலை நள்ளிரவு வரை நீள்வதால் தொழிலாளர்கள் அங்கேயே உறங்குகின்றனர். ஆகவே, சாதாரண நாளில் பார்த்துப் போடும் பாதுகாப்புக் கணக்கு பண்டிகை வாரத்தில் பொய்த்துவிடுகிறது.

கொல்கத்தா கண்ட பாடங்கள்: 2018 செப்டம்பர் 16-ம் தேதி அதிகாலை, மத்திய கொல்கத்தாவின் பாக்ரி மார்க்கெட்டில் தீப்பற்றியபோது துர்கா பூஜைக்குச் சில வாரங்களே இருந்தன. பண்டிகை விற்பனைக்கெனக் குவித்திருந்த சரக்கு நாள்கணக்கில் எரிந்தது. உயிரிழப்பு இல்லை, ஆனால் சிறு வியாபாரிகள் பலர் முதலை இழந்தனர். 2010 மார்ச் 23-ம் தேதி பார்க் தெருவின் ஸ்டீபன் கோர்ட் கட்டடத் தீ விபத்தில் 43 பேர் உயிரிழந்தனர். அனுமதியின்றிக் கட்டப்பட்ட மேல்தளங்களும், அடைபட்ட வெளியேறும் வழியும் அப்போது பெரும் கேள்விக்குள்ளாயின.

தலைநகர் தில்லியும் விதிவிலக்கல்ல. 2019 டிசம்பர் 8-ம் தேதி விடியற்காலை அனாஜ் மண்டியில் கைப்பை உள்ளிட்டவற்றைத் தயாரித்த பட்டறைக் கட்டடத்தில் தீப்பற்றியது. உள்ளே உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 43 பேர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது தீயல்ல, புகை.

கார்டன் ரீச்சின் நெருக்கமும் கவலைக்குரியது. 2024 மார்ச் 17-ம் தேதி இரவு, இங்கு சட்டவிரோதமாகக் கட்டப்பட்டு வந்த ஐந்து மாடிக் கட்டடம் அருகிலிருந்த குடிசைகள் மீது சரிந்ததில் 10-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய குறுகிய சந்துகளில் தீயணைப்பு வண்டி வாசல் வரை வரும் என எண்ணி இருக்க முடியாது. முதல் சில நிமிடங்களில் பட்டறையில் இருப்பவர்களே தங்களைக் காத்துக் கொண்டாக வேண்டும்.

சட்டத்தின் எல்லை: மேற்கு வங்கத் தீயணைப்புப் பணிகள் சட்டம், 1950-ன்படி எளிதில் தீப்பற்றும் பொருள்களைக் கையாளும் கிடங்குகளுக்கும் பட்டறைகளுக்கும் உரிமம் தேவை. மின்சக்தியில் இயங்கும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே முன்பு தொழிற்சாலைகள் சட்டம் பொருந்தியது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், "தொழிற்சாலை' எனக் கருதப்படுவதற்கான வரம்பு 20 பேராக உயர்ந்துள்ளது. எட்டுப் பேர், பத்துப் பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகளுக்கு உரிமையாளரின் விழிப்புணர்வே முதல் காவல்.

எப்படி மதிப்பிடுவது?: இதற்கு நிபுணர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலை மும்முரமாக நடக்கும் ஓர் இரவில், உரிமையாளர் தமது பட்டறையை ஒருமுறை சுற்றி வந்தாலே போதும். தீ எங்கே தொடங்கக்கூடும், எதைப் பற்றிப் பரவும், உள்ளே எத்தனை பேர் இருக்கின்றனர், விளக்கு அணைந்தால் அவர்கள் எவ்வழியே வெளியேறுவர் என்ற நான்கு கேள்விகளுக்கு அவர் விடை காண வேண்டும்.

மின்சாரக் கணக்கும் எளிதே. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று சுமார் 4.3 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். மூன்று பெட்டிகளை ஒரே இணைப்பில் செருகினால் 13 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. கம்பி சூடாகி, உறை உருகும்.

குறைக்கும் வழிகள்: இஸ்திரிப் பெட்டிகளுக்குத் தனி மின் இணைப்பும், தகுந்த அளவுள்ள எம்.சி.பி. சுவிட்சும் தேவை. இயந்திரங்களில் படியும் பஞ்சுத் தூசையும் வெட்டுத் துணியையும் அன்றாடம் அகற்ற வேண்டும். சமையல் எரிவாயு உருளை துணிக் கிடங்குக்கு அருகில் கூடாது. வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைப்பது ஒருவரின் பெயர் குறித்த பொறுப்பாக இருக்க வேண்டும்.

தீயணைப்புக் கருவி வெளியேறும் வழியருகே இருத்தல் நலம்; அதன் அழுத்தமானி முள் பச்சைப் பகுதியில் உள்ளதா என மாதந்தோறும் பார்க்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆள்கள் உள்ளே உறங்கும்போது வாசலை வெளிப்புறம் பூட்டுவது எக் காரணத்தாலும் ஏற்கத்தக்கதல்ல.

காப்பீட்டிலும் அதே கணக்கு: ஓரிடத்தில் மொத்தம் ரூ. 5 கோடி வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கென "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற காப்பீடு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் பண்டிகைக் காலத்தில் ரூ. 20 லட்சம் சரக்கு வைத்திருப்பவர் ரூ. 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், ரூ. 4 லட்சம் நஷ்டத்துக்குப் பாதியளவு இழப்பீடே கிடைக்க நேரிடும். எனவே, காப்பீட்டுத் தொகையையும் உச்ச கால இருப்பைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும்.

தீபாவளிக்கு முன் இரவு பகலாக இயங்கும் திருப்பூர், ஈரோடு பட்டறைகளுக்கும் இக் கணக்கு பொருந்தும். கடைசி நேர ஆர்டருக்காக மாடிப்படியில் அடுக்கப்படும் பத்து மூட்டைத் துணியின் லாபம் சில ஆயிரம் ரூபாயாக இருக்கலாம். அப் படிதான் மேலே உறங்குபவர்கள் உயிருடன் இறங்கி வருவதற்கு இருக்கும் ஒரே வழி.