சென்னைப் பயணமும் கடிகாரக் கணக்கும்

சென்னைக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஆறரை மணி நேரம்! விமான டிக்கெட்டைப் பார்த்துப் பலர் இப்படித்தான் குழம்புகிறார்கள்.

உண்மையில், சிப்பாங் விமான நிலையத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். நேராகப் பறக்கும் விமானத்திற்குச் சுமார் 4 மணி நேரம். திரும்பி வரவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

குழப்பத்திற்குக் காரணம், டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகிறது. நம் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே இங்கே காலை 10 மணிக்குப் புறப்பட்டால் அங்கே காலை 11.30. அங்கே இரவு 11.30க்கு ஏறினால் இங்கே மறுநாள் காலை 6 மணி.

கப்பல் காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். ஊரில் துக்கம் என்றால் முகம் பார்க்க வழியில்லை. இன்று "நாங்கள் வரும்வரை எடுத்துவிடாதீர்கள்" என்று தொலைபேசியில் சொல்கிறோம். அப்படிச் சொல்லுமுன், பிரிக்பீல்ட்ஸ் அல்லது கிள்ளானிலிருந்து சிப்பாங் போகும் நேரம், அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு, சென்னையில் குடிநுழைவுச் சோதனை, பிறகு கிராமம்வரை பஸ் பயணம், எல்லாவற்றையும் கூட்டுங்கள். இந்திய நேரத்தில் கணக்கிட்டு, அந்த மணியையே உறவினர்களிடம் சொல்லுங்கள்.