பழைய மின்மோட்டருக்குப் புதுவாழ்வு

2022ஆம் ஆண்டில் எரிபொருள் கிடைக்காமல் நமது கரைகளில் வள்ளங்கள் வாளாவிருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மண்ணெண்ணெய் இன்றி வள்ளம் ஓடாதா என்ற கேள்வி அப்போது பல குடும்பங்களில் எழுந்தது.

களப்போரக் குடும்பம் ஒன்றின் கொட்டிலில், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பழைய மின்மோட்டர் ஒன்றை அண்மையில் கண்டோம். பற்றரியில் இயங்கும் அது “எரிந்துபோயிற்று” என்று சொல்லி, பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தபோது எரிந்தது எதுவுமில்லை.

இவ்வகை மோட்டரை 1934இல் அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் உருவாக்கிய ஓ. ஜி. ஷ்மிட் என்பவர், போர்ட் காரின் ஸ்ராட்டர் மோட்டரையே அதற்குப் பயன்படுத்தினார். ஆகவே வாகன ஸ்ராட்டர் திருத்தத் தெரிந்தவருக்கு இதுவும் கைவரும்.

முதலாவது, பற்றரி. முழுமையாக மின்னேற்றிய 12 வோல்ற் பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்ட வேண்டும். மோட்டரை இயக்கியதும் 11க்கும் கீழே விழுந்தால் பற்றரியையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, வயர். பற்றரி முனையில் வோல்ற் சரியாக இருந்து, மோட்டர் முனையில் குறைந்தால் குறை இடையிலுள்ள வயரிலோ ஆளியிலோ இருக்கும். உப்புக்காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பேறிய நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக ஈயம் பற்றவைக்கவும்.

மூன்றாவது, விசிறி. பற்றரியைக் கழற்றிய பின்னரே இதில் கைவைக்க வேண்டும். விசிறியைக் கழற்றி, தண்டில் தங்கூசி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். தங்கூசி றப்பர் சீலை அறுத்துவிடும். பின்னர் நீர் உள்ளே போகும். நாம் கண்ட மோட்டருக்கு நேர்ந்ததும் இதுவே.

நான்காவது, உட்புறம். மூடியும் உடலும் சேருமிடத்தில் அடையாளக் கோடு கீறிவிட்டு, நீண்ட திருகாணிகளைக் கழற்றவும். உள்ளே வலிய காந்தங்கள் உண்டு; ஆமேச்சரை நேராக, மெதுவாக இழுக்கவும். காபன் கட்டைகள் தேய்ந்திருந்தால் மாற்றவும். அவை உரசும் செம்பு உருளை கறுத்திருந்தால் மெல்லிய மண்தாளால் துடைத்து, செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள கரித்தூளை நீக்கவும். நன்கு உலர்த்தி, புதிய சீலும் றப்பர் வளையமும் இட்டு மூடவும்.

சில பழைய மோட்டர்கள் உச்ச வேகத்தில் மட்டுமே ஓடும். அவற்றில் பெரும்பாலும் எரிந்திருப்பது வேகத்தைக் குறைக்கும் கம்பிச்சுருளே, மோட்டர் அல்ல.

இதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 100 அம்பியர்-மணி பற்றரியில் பாதியை மட்டும் செலவழிப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது. 30 அம்பியர் இழுக்கும் மோட்டர் முழு வேகத்தில் அவ்வளவைக் கொண்டு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமே ஓடும். ஆகவே இது களப்புக்கும் குளத்துக்கும் உரியது, பெருங்கடலுக்கு அல்ல. துடுப்பும் மரக்கோலும் எப்போதும் வள்ளத்தில் இருக்கட்டும். பற்றரிக்கு அருகில் பியூஸ் ஒன்றைப் பூட்டுங்கள். மின்னேற்றும்போது தீப்பற்றும் வாயு வெளியாகும். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்ட வைத்து ஏற்றுங்கள். உப்புநீரில் ஓடிய மோட்டரை ஒவ்வொரு நாளும் நன்னீரால் கழுவுங்கள்.

நாம் கண்ட மோட்டருக்குச் செலவானவை ஒரு சீல், ஒரு றப்பர் வளையம், இரு காபன் கட்டைகள், ஒரு மாலைப்பொழுது. இன்று அது களப்பில் ஓடுகிறது. 1990களின் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். இந்த வேலை நமக்குப் புதிதல்ல. அப்பங்களைப் பகிர்ந்த பின்னர் மீந்த துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். எறியுமுன் ஒருமுறை திறந்து பார்ப்போம்.