கண்டல் மீள்நடுகையும் உள்ளூர் மக்களின் பங்கும்

களப்பு, கழிமுகங்களில் வளரும் கண்டல் தாவரங்கள் கரையோர மண்ணரிப்பைக் குறைக்கின்றன. மீன், இறால் குஞ்சுகளுக்குப் புகலிடமாகின்றன.

2004 ஆம் ஆண்டுச் சுனாமியின் பின்னர் இலங்கையில் நடப்பட்ட கண்டல் நாற்றுகளிற் பெரும்பாலானவை அழிந்தன. இதற்கான காரணங்களை நினைவிற் கொள்க:

1. இடத்துக்குப் பொருந்தாத இனங்களை நட்டமை.
2. நீர்மட்டம், உவர்த்தன்மை என்பவற்றைக் கவனியாமை.
3. நட்டபின் பராமரியாமை, கால்நடைகள் மேய்ந்தமை.

நீர் எதுவரை ஏறும், எம்மரம் எங்கே வளரும் என்பவற்றை அவ்விடத்து மீனவர் நன்கறிவர். நாற்றுகளை நாள்தோறும் கண்காணிக்கவும் அவர்களாலேயே முடியும். ஆயினும் அவர்களுக்கு வாழ்வாதாரம் அவசியம். எனவேதான் 2015 இல் ஆரம்பமான திட்டமொன்றில், கண்டல்களைப் பாதுகாக்கும் கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்கப்பட்டன.

விடையளிக்கும்போது ‘மரம் நடுதல்’ என்பதுடன் நிறுத்தாது, நட்டதைப் பாதுகாத்தலையும் விளக்குக.