சிங்கப்பூர் – திருச்சி – திண்டுக்கல்: தூரமும் நேரமும்

பெரியப்பா இறந்தது ஓர் ஆடி மாத ராத்திரி. மகன் சிங்கப்பூரில். "காலைல பத்து மணி ஃப்ளைட் கிடைச்சிருக்கு, திருச்சிக்கு நாலேகால் மணி நேரம்" என்று போனில் சொன்னான். மாமா விரல்விட்டு எண்ணினார். "பத்தும் நாலேகாலும் ரெண்டேகால். வெளிய வந்து திண்டுக்கல் சேர மூணு மணி நேரம். அஞ்சேகால் ஆயிரும்ப்பா. மூணு மணிக்கு எடுக்கணும்னு பேசியாச்சே. தம்பிகாரனைக் கொள்ளி வைக்கச் சொல்லிருவோம்."

கூட்டல் சரி. ஆனாலும் எங்கேயோ இடித்தது. நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

முதலில் தூரம். உருண்டையான பூமியின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 2,980 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் போனால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் நாலேகால். தம்பி சொன்னது சரிதான்.

மாமா விட்டது கடிகாரத்தை. பத்து மணி என்பது சிங்கப்பூர் பத்து மணி. நம்மூரில் அப்போது ஏழரை. ஏழரையும் நாலேகாலும் 11.45. திருச்சியில் பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம். மணப்பாறை, வையம்பட்டி, வடமதுரை வழியாகச் சுமார் 100 கி.மீ., ரெண்டு மணி நேரம். ஆக 2.45.

இந்த இரண்டரை மணி நேரமே ஒரு வேடிக்கை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. திண்டுக்கல்லுக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 26 பாகை. சூரியக் கணக்குப்படி 1 மணி 44 நிமிட வித்தியாசம்தான் இருக்க வேண்டும். மீதி முக்கால் மணி நேரம் அரசாங்கங்கள் வைத்தது. 1981 வரை சிங்கப்பூர் நம்மைவிட இரண்டு மணி நேரம்தான் முன்னால் இருந்தது. மலேசியா தன் கிழக்கு, மேற்குப் பகுதிகளை ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தபோது, சிங்கப்பூரும் கூடவே அரை மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டது. 1982 புத்தாண்டிலிருந்து இதே நேரம்தான்.

"ஆடிக் காத்து எதுத்து அடிக்குமே, லேட்டாகாதா?" என்றார் இன்னொருவர். நியாயமான கேள்வி. எங்கள் சமவெளியில் அந்த மாதம் மேல்காற்று ஆளைத் தள்ளும். ஆனால் அது கீழே. விமானம் பறக்கும் 10, 11 கி.மீ. உயரத்தில் தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேல் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. இன்னும் மேலே போனால் அது பலமான கீழைத் தாரைக்காற்று. 1950களில் அதை ஆராய்ந்து எழுதியவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். சிங்கப்பூரிலிருந்து வருகிறவனுக்கு அது முதுகுக் காற்று.

தாளை மாமாவிடம் நீட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். "சரி, பொறுத்துப் பார்ப்போம்" என்றார்.

தம்பி வந்து இறங்கியபோது மூணுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அவன் கைக்கடிகாரம் 5.20 காட்டியது. மாமா போட்ட கணக்குக்கு ஐந்தே நிமிடம் கூட.