ஏரிக்கரைக் குடித்தனம்!

திருத்தணிக்குப் போகிறவர்கள் 365 படி ஏறுவார்கள், மொட்டை போடுவார்கள், பஸ் பிடித்து ஊர் திரும்புவார்கள். ஊரைச் சுற்றியிருக்கும் ஏரிகளை யார் பார்க்கிறார்கள்? நான் பார்ப்பேன். காரணம், புள்ளிமூக்கு வாத்து!

கறுப்பு அலகு, நுனியில் மஞ்சள், அடியில் குங்குமம் வைத்தாற்போல ரெண்டு சிவப்புப் புள்ளி. அதுதான் அடையாளம். மத்திய ஆசியாவிலிருந்து குளிருக்குப் பயந்து பழவேற்காட்டுக்கு வரும் ஊசிவால் வாத்து மாதிரி இது விருந்தாளி இல்லை ஸார். உள்ளூர் ரேஷன் கார்டு! கொசஸ்தலை ஆறு, பூண்டி நீர்த்தேக்கம், கிராமத்து ஏரி என்று தண்ணீர் எங்கேயோ அங்கே ஜாகை.

இதற்குக் காலண்டர், மழைதான். நம்ம பக்கம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் ஏரி நிரம்பியதும் குடித்தனம் ஆரம்பம். கரையோரப் புல்லில், தரையிலேயே கூடு. நாளுக்கு ஒன்றாக எட்டு, பத்து முட்டை. எல்லாம் இட்டு முடித்த பிறகுதான் அம்மா அடை உட்காரும். அதனால் முதல் முட்டையும் கடைசி முட்டையும் சுமார் 24 நாளில் கிட்டத்தட்ட ஒன்றாகவே பொரிந்துவிடும். சீக்கிரமே மொத்த ஜமாவும் தண்ணீரில்! ஊட்டிவிடுகிற வேலையே கிடையாது. பூச்சி, புழுவைக் குஞ்சுகளே தேடித் தின்னும். பறக்கத்தான் ஏழெட்டு வாரம் ஆகும்.

பெரியவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. குடும்பப் பொறுப்பு முடிந்ததும் சிறகிலுள்ள நீள இறகுகள் மொத்தமும் ஒரே சமயத்தில் உதிர்ந்துவிடும். புதுசு முளைக்கிற வரை சில வாரம் மெடிக்கல் லீவ்! பறக்கவே முடியாது. நாய் துரத்தினால் கோரைக்குள் பதுங்குவதுதான் ஒரே வழி.

அந்தக் கோரைக்குத்தான் 'கரையைச் சுத்தம் பண்றோம்' என்று நாம் தீ வைக்கிறோம். ஒரே ஒரு தீக்குச்சி... முட்டை, குஞ்சு, பறக்க முடியாத தாய் எல்லாம் போச்சு. துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று நினைக்காதீர்கள். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையைச் சேதப்படுத்துவதும்கூட வேட்டைதான்!

டிசம்பர் 31 படித் திருவிழாவுக்குத் திருத்தணி போகிறீர்களா? மறுநாள் காலை ஏதாவது ஓர் ஏரிக்கரையில், தள்ளியே நின்று பாருங்கள். அம்மா முன்னால் போக, பின்னால் பொடிசுகள் வரிசையாக நீந்தினால், அந்தக் கரையில் அந்த வருஷம் யாரும் தீப்பெட்டி எடுக்கவில்லை என்று அர்த்தம்.