முந்தாநாள் ப்ரெட்டின் மகிமை

சின்ன வயதில் அம்மா கேஸ் அடுப்பில் கை டோஸ்டரைத் திருப்பித் திருப்பி வாட்டித் தந்த உருளைக்கிழங்கு சாண்ட்விச்சின் ருசி, இப்போது வாங்கிய மின்சார டோஸ்டரில் வரவில்லையே, ஏன் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருக்குப் புது டோஸ்டர் மேல் கோபம். எனக்கென்னவோ ப்ரெட் மேல்தான் சந்தேகம்.

நீளப் பிடியும் நுனியில் கொக்கியுமான அந்த அலுமினியச் சாதனத்தை விவரிக்க வேண்டியதில்லை. இறுக்கி மாட்டியதும் ப்ரெட்டின் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும். மசாலாவின் ஈரம் ஆவியாகி உள்ளேயே சிக்கும். (முதல் கடியிலேயே தக்காளி மேலண்ணத்தைப் பொசுக்கியது இதனால்தான்.) வெளிப்பக்கம் ஈரம் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. காய்ந்து, 140 டிகிரியை ஒட்டி வந்தால்தான் மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் மளமளவென்று வினைபுரிந்து, பொன்னிறமும் அந்த மணமும் கிளம்பும். பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912-ல் விவரித்த வினை இது.

இனி ப்ரெட்டுக்கு வருவோம். பழைய ப்ரெட் விறைப்பது ஈரம் போவதால்தான் என்றே பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை என்று 1852-லேயே பூசிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிவிட்டார். காற்றுப் புகாமல் அடைத்து வைத்த ப்ரெட்டும் விறைத்தது. சூடுபடுத்தியதும் மறுபடி மெத்தென்று ஆனது. காரணம் ஸ்டார்ச். அடுப்பில் வேகும்போது அதன் சங்கிலிகள் தண்ணீரை உறிஞ்சி, ஒழுங்கு குலைந்து நெகிழ்கின்றன. ஆறிய பிறகு, இரண்டாம் மணி அடித்ததும் எங்கள் பள்ளி மைதானத்தில் சிதறிக் கிடந்த பிள்ளைகள் வரிசைக்குத் திரும்பியதைப்போல, மெல்ல மெல்ல ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்குதான் விறைப்பு. 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் வரிசை மறுபடி கலைந்துவிடும்.

அம்மாக்கள் டோஸ்டரை எடுத்ததெல்லாம் பெரும்பாலும் மிச்சப்பட்ட ப்ரெட்டைத் தீர்க்கத்தான். விறைத்த துண்டு இறுக்கினால் நசுங்காது, மசாலா ஈரத்தில் சொதசொதக்காது, மேலே சீக்கிரம் சிவக்கும், உள்ளே மறுபடி மெத்தென்று ஆகும். பேக்கரியிலிருந்து வந்த சூட்டோடு வாட்டினால் சப்பையாகத்தான் வரும்.

நாமோ வாங்கியதும் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் தள்ளுகிறோம். ஸ்டார்ச் மிக வேகமாக வரிசை கட்டுவது உறைநிலைக்குச் சற்று மேலான அந்தக் குளிரில்தான். ரப்பர்போல இழுக்கிறது என்று பிறகு நாமே தூக்கி எறிகிறோம். ஒரு பிடி சோறு வீணானால் பதறுகிற வீடுகளில் அரை பாக்கெட் ப்ரெட் சத்தமில்லாமல் குப்பைக்குப் போவது எனக்கு விளங்கவே இல்லை. விறைப்பு வேறு, கெடுவது வேறு. பூஞ்சை பூத்திருந்தால் மட்டும் இரக்கமே வேண்டாம். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும், பாக்கெட்டோடு எறியுங்கள்.

வாசகிக்கு என் யோசனை: ப்ரெட்டை ஒரு நாள் வெளியே வைத்து, மறுநாள் அதே மின்சார டோஸ்டரில் போட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் அதற்கு மேல் வெளியே விட வேண்டாம். மிச்சம் இருந்தால் ஃப்ரீசரில் வையுங்கள். அங்கே ஸ்டார்ச் வரிசை கட்டும் வேலை ஏறக்குறைய நின்றுவிடும்.